முதலை வளர்த்த முன்னோடிகள்

தமிழ் இலக்கியம் பயின்றோர்க்கு முதலை புதிய உயிரன்று. ஆழ்ந்த நீரில் முதலை பிற உயிர்களை வெல்லும், நீரைவிட்டு நீங்கினால் பிற உயிர்கள் அதனை வெல்லும் என்று இடனறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் அறிவுறுத்தினார். கபிலர் தம் குறிஞ்சிப்பாட்டில் முதலை, இடங்கர், கராம் என மூன்று பெயர்களை ஓரிடத்தே அடுக்கிக் கூறினார். அவிநாசியில் முதலையுண்ட பாலகனைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்ட வரலாற்றைப் பெரியபுராணம் படித்தவர் அறிவர். பேச்சு வழக்கிலோ, பொய்யாக அழுபவன் விடுவது முதலைக் கண்ணீர். ஆக, ஈராயிரம் ஆண்டுகளாக இவ்வுயிரை நாம் அச்சத்தோடும் வெறுப்போடுமே பார்த்து வந்திருக்கிறோம்.

இவற்றுள் ஐங்குறுநூற்றுச் செய்தி ஒன்று என் நெஞ்சில் நெடுநாள் உறுத்திக்கொண்டிருந்தது. மருதத்திணை நூறு பாடல்களையும் பாடிய ஓரம்போகியார், தலைவனின் அன்பின்மையைச் சுட்ட வரும் இடத்தில், தான் ஈன்ற குஞ்சையே உண்ணும் முதலை வாழும் பொய்கையை உடையது அவனூர் என்று பாடுகின்றார். சில ஆண்டுகளுக்கு முன்பு இடைநிலைப்பள்ளி மாணவர் சிலருக்கு மாலை நேரத்தில் இலக்கிய வகுப்பு நடத்தியபோது இப்பாடலை விளக்கினேன். பின்வரிசையில் இருந்த ஒரு மாணவர் எழுந்து, "ஐயா, முதலை உண்மையாகவே தன் குஞ்சைத் தின்னுமா?" என்று கேட்டார். "புலவர் கண்டதைத்தான் பாடியிருப்பார், அதில் ஐயம் வேண்டா" என்று கூறி அடுத்த பாடலுக்குச் சென்றுவிட்டேன். மாணவரும் அமர்ந்துவிட்டார். எனக்கு விடை தெரியாது என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. ஆசிரியர் தொழிலில் இதனைவிட எளிதான தவறு வேறில்லை.

அவ்வினாவுக்கு விடை தேடிப் படிக்கப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை. முதலையின் குடும்ப வாழ்வை உலகுக்குத் தெளிவாக உணர்த்தியவர்கள் அதனை ஆயிரக்கணக்கில் கொன்ற வேட்டைக்காரர்கள் அல்லர். அடைப்பினுள் வைத்து, முட்டையிடச் செய்து, ஆண்டுக்கணக்கில் அருகிருந்து பார்த்த ஒரு சிலரே ஆவர். வணிகத்திற்காக வளர்த்தவர்களும், அழிவினின்று காப்பதற்காக வளர்த்தவர்களும் அவருள் உண்டு. அம்முன்னோடிகளின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

தோலுக்காக நடந்த அழிவு

முதலையின் வயிற்றுப்புறத் தோல் மெல்லியது. கட்டம் கட்டமான அழகிய அமைப்பை உடையது. கைப்பை, காலணி, இடைவார் முதலியவற்றுக்கு அத்தோலை மேலைநாட்டுச் செல்வர் விரும்பினர். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் இவ்வணிகம் பெருகிற்று. இரவில் கைவிளக்கின் ஒளி பட்டால் முதலையின் கண்கள் தணல்போல் ஒளிரும். படகில் சென்று, அவ்வொளியைக் குறிவைத்துச் சுட்டுவிடுவது வேட்டைக்காரர்க்கு எளிதாயிற்று. ஆப்பிரிக்க ஏரிகள் தொடங்கி நியூகினித் தீவின் சதுப்புகள் வரை இதே முறையில் வேட்டை நடந்தது.

இந்தியத் துணைக்கண்டத்தில் மூவகை முதலைகள் உண்டு. ஆறு, ஏரி, குளங்களில் வாழும் சதுப்புநில முதலை ஒன்று. கழிமுகங்களில் வாழும் உவர்நீர் முதலை மற்றொன்று. மலேசிய, சிங்கப்பூர் ஆற்று முகங்களில் காணப்படுவதும் இதுவே. மூன்றாவது, வட இந்திய ஆறுகளில் வாழும் நீண்ட ஒடுங்கிய மூக்கினை உடைய கரியால். தோல் வேட்டையாலும், அணைகளாலும், மீன்பிடி வலைகளாலும், முட்டைகளை எடுத்துச் செல்லும் வழக்கத்தாலும் இம்மூன்றும் அருகின. 1970களின் நடுப்பகுதியில் வளர்ந்த கரியால்கள் இருநூறுக்கும் குறைவாகவே எஞ்சியிருந்தன என்று மதிப்பிடப்பட்டது.

1972ஆம் ஆண்டின் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முதலை வேட்டையைத் தடுத்தது. அருகிவரும் உயிரினங்களின் அனைத்துலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை 1973இல் வாசிங்டனில் கையெழுத்தாகி, 1975இல் நடைமுறைக்கு வந்தது. ஆயினும், வேட்டை நின்ற அளவில் அழிந்த இனம் மீண்டுவிடுவதில்லை. இட்ட முட்டையைக் கீரியும் உடும்பும் தோண்டித் தின்னும். பொரித்த குஞ்சைக் கொக்கும் பெருமீனும் கொள்ளும். நூறு குஞ்சுகளில் ஒன்றிரண்டு வளர்ந்து ஆளானாலே பெரிது. ஆகவே, மனிதர் கைகொடுத்து வளர்த்துவிட வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது.

வணிகம் தொடங்கி வைத்த வழி

முதலையை அடைப்பில் வைத்துப் பெருக்கலாம் என்று முதலில் துணிந்தவர்களுள் வணிகரும் இருந்தனர். தாய்லாந்தில் பாங்காக் நகருக்குத் தெற்கே, சமுத் பிரக்கான் என்னுமிடத்தில், உத்தாய் யங்பிரபகோர்ன் என்பவர் 1950இல் ஒரு முதலைப் பண்ணையைத் தொடங்கினார். தோல் தேவைப்படுமாயின் அதனைத் தரும் உயிரையும் வளர்த்தாக வேண்டும் என்பது அவர் கணக்கு. சயாமிய முதலையையும் உவர்நீர் முதலையையும் அவர் பெருக்கினார். நாளடைவில் அப்பண்ணை பல்லாயிரம் முதலைகளைக் கொண்டதாய் வளர்ந்து, உலகப் பயணிகள் காணவரும் இடமாகவும் ஆயிற்று. இதில் விந்தை யாதெனில், சயாமிய முதலை தாய்லாந்தின் காட்டாறுகளில் ஏறத்தாழ மறைந்துவிட்டது. பண்ணைகளிலோ பெருந்தொகையாய் இருக்கின்றது. பண்ணையில் இனம் பெருகுவதும் ஆற்றில் இனம் பிழைப்பதும் வெவ்வேறு செய்திகள் என்பதை இது காட்டும்.

நம் வட்டாரத்திலும் இத்தொழில் வேரூன்றியது. சிங்கப்பூரின் அப்பர் சிராங்கூன் சாலையில் 1945இல் தொடங்கிய முதலைப் பண்ணை 2012ஆம் ஆண்டுவரை நடந்தது. சரவாக்கில் கூச்சிங் நகருக்கு அருகில் 1960களில் தொடங்கப்பட்ட ஜோங் முதலைப் பண்ணையைப் பள்ளிச் சுற்றுலா சென்ற மாணவர் பலர் பார்த்திருக்கலாம்.

வேறு சிலர் ஆராய்ச்சி நோக்கோடு இத்துறைக்கு வந்தனர். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் வாழ்ந்த எட்வர்டு மக்கில்ஹென்னி என்பார் அலிகேட்டர் முதலைகளைப் பல்லாண்டு கவனித்து, 1935இல் அவற்றின் வாழ்க்கை வரலாற்றை நூலாக வெளியிட்டார். தாய் முதலை தன் கூட்டைக் காக்கிறது, பொரிக்கும் நேரத்தில் அதனைத் திறந்து குஞ்சுகளுக்கு உதவுகிறது என்று அவர் எழுதினார். ஊர்வனவற்றுக்குத் தாயன்பு ஏது என்று கருதிய அறிஞர் சிலர் பின்னாளிலும் அதனை ஏற்க மறுத்தனர். தென்னாப்பிரிக்காவில் வனக்காவலராய் இருந்த டோனி பூலி, 1960களில் நைல் முதலையின் முட்டைகளைத் திரட்டிப் பொரிக்கச் செய்து, குஞ்சுகளை வளர்த்து ஆறுகளில் விட்டார். தாய் முதலை தன் குஞ்சுகளை வாயில் ஏந்தி நீருக்குக் கொண்டுசெல்வதை அவர் அருகிருந்து கண்டு, 1970களில் எழுத்தில் பதிவு செய்தார். நெடுங்கால ஐயம் இதனால் நீங்கத் தொடங்கியது.

இந்தியாவில் எழுந்த திட்டம்

இந்திய அரசின் வேண்டுகோளின்பேரில், ஐக்கிய நாட்டு உணவு வேளாண்மை நிறுவனம் ராபர்ட் பஸ்டார்டு என்ற ஊர்வன அறிஞரை அனுப்பி வைத்தது. அவர் 1974இல் நிலைமையை ஆராய்ந்து அறிக்கை அளித்தார். அவர் காட்டிய வழி எளியது. ஆற்றங்கரையில் இடப்பட்ட முட்டைகளைத் திரட்டுதல், பாதுகாப்பான பொரிப்பகத்தில் வைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்தல், பகையுயிர்கள் எளிதில் விழுங்க இயலாத அளவுக்கு வளர்த்தல், பின்னர்க் காப்பகத்து ஆறுகளில் விடுதல் ஆகிய நான்கும் அவ்வழியின் படிகள். 1975இல் இந்திய முதலைத் திட்டம் தொடங்கிற்று. ஒடிசாவின் டிக்கர்பாடாவில் கரியாலும், பிதர்கனிகாவில் உவர்நீர் முதலையும் வளர்க்கப்பட்டன. தமிழகத்தில் அமராவதி அணைப்பகுதியில் சதுப்புநில முதலைகளுக்கு வளர்ப்பிடம் அமைந்தது.

கரியாலை அடைப்பில் வைத்து இனப்பெருக்கம் செய்விப்பது அரிதாக இருந்தது. ஒடிசாவின் நந்தன்கானன் விலங்கியல் பூங்காவில் பெண் கரியால்கள் இருந்தன, ஆண் வேண்டியிருந்தது. செருமனியின் பிராங்க்ஃபர்ட் விலங்கியல் பூங்கா தன்னிடமிருந்த ஆண் கரியால் ஒன்றை இரவலாக அனுப்பிற்று. 1980இல் அங்கே கரியால் குஞ்சுகள் பொரித்தன. அடைப்பில் கரியால் இனம் பெருகியது உலகில் அதுவே முதன்முறை.

சென்னையில் ஒரு பாம்புப் பித்தர்

இனி, நமக்கு மிக அணுக்கமான முன்னோடிக்கு வருவோம். ரோமுலஸ் விட்டேக்கர் 1943இல் நியூயார்க்கில் பிறந்தவர். எட்டு வயதளவில் தாயாருடன் இந்தியா வந்தார். கொடைக்கானலில் பள்ளிக் கல்வி பெற்றார். சிறு வயது முதலே பாம்பின்மீது அவருக்குத் தணியாத ஆர்வம். கல்லூரிப் படிப்பில் அவருள்ளம் ஒன்றவில்லை. அமெரிக்கா சென்று, மயாமி நகரில் பில் ஹாஸ்ட் நடத்திய பாம்பகத்தில் பணியாளராய்ச் சேர்ந்தார்.

பில் ஹாஸ்ட் இத்துறையின் மூத்த முன்னோடி. 1910இல் பிறந்த அவர், 1940களில் பாம்பகம் அமைத்து, மக்கள் பார்க்கவே நச்சுப் பாம்புகளின் நஞ்சை எடுத்து, மருத்துவ ஆய்வுக்கு அளித்து வந்தார். நூற்றெழுபது முறைக்கு மேல் பாம்புக்கடி பெற்றும், 2011வரை நூறாண்டு வாழ்ந்தார். பாம்பைக் காட்டிப் பொருளீட்டலாம், அப்பொருளைக் கொண்டே பாம்பைப் பற்றிய அறிவையும் பரப்பலாம் என்ற பாடத்தை விட்டேக்கர் அவரிடம் பெற்றார் எனலாம்.

1967இல் இந்தியா திரும்பிய விட்டேக்கர், சென்னைக்கு அருகே ஒரு சிறு பாம்புப் பண்ணையைத் தொடங்கினார். 1972இல் அது கிண்டிக்கு மாறிற்று. பாம்பைக் கண்டவுடன் கல்லெடுக்கும் மக்கள், கட்டணம் செலுத்தி வரிசையில் நின்று பாம்பைப் பார்த்தனர். அதன் பின்னர், 1976இல், அவரும் அவர் துணைவியார் சாய் விட்டேக்கரும் நண்பர் சிலரும் சேர்ந்து, சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி என்னுமிடத்தில் சென்னை முதலை வங்கியை நிறுவினர். வங்கி என்ற பெயர் பொருள் பொதிந்தது. முதலை முதலாக இருக்கும். குஞ்சுகள் வட்டியாகப் பெருகும். அவ்வட்டி மீண்டும் ஆறுகளுக்குச் செல்லும்.

நூலேறாத அறிவு

இவ்வரலாற்றில் இருளர் மக்களுக்குரிய இடத்தை மறைத்தல் நன்றியன்று. செங்கற்பட்டு வட்டாரத்து இருளர்கள் வழிவழியாகப் பாம்பும் எலியும் உடும்பும் பிடித்து வாழ்ந்தவர்கள். மணலில் ஓடிய தடத்தைக் கண்டே எவ்வகைப் பாம்பு, எப்போது சென்றது, எவ்வளையில் இருக்கிறது என்று சொல்ல வல்லவர்கள். பாம்புத் தோல் வணிகம் செழித்த காலத்தில் அவர்கள் பிடித்துத் தந்த பாம்புகளின் தோல், பதனிடும் தொழிற்சாலைகள் வழியே வெளிநாடுகளுக்குச் சென்றது. ஒரு தோலுக்கு அவர்களுக்குக் கிடைத்ததோ சில காசுகள்.

வனவிலங்குச் சட்டமும், 1970களின் நடுவில் வந்த தோல் ஏற்றுமதித் தடையும் பாம்புகளைக் காத்தன; ஆனால் இருளரின் அடுப்பை அணைத்தன. சட்டம் இயற்றியோர் அதற்கு மாற்று வழி காட்டவில்லை. இங்கேதான் விட்டேக்கரின் துணை பயன்பட்டது. 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் உரிமம் பெற்றுப் பிடித்துவந்து, மண்பானையில் வைத்து, மூன்று வார அளவில் சில முறை நஞ்செடுத்து, மீண்டும் உயிரோடு காட்டில் விடுவது அச்சங்கத்தின் முறை. அந்நஞ்சு நச்சு முறிவு மருந்து செய்வோர்க்கு விற்கப்படுகின்றது. இறந்த பாம்பால் ஒரு முறை கிடைத்த வருவாய், உயிருள்ள பாம்பால் தொடர்ந்து கிடைக்கலாயிற்று. அதனால் மனித உயிர்களும் பிழைத்தன.

அச்சங்கத்தைச் சார்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இருவரும் பள்ளிப் படிப்பு இல்லாதவர்கள். 2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம், தன் சதுப்புநிலங்களில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க அவர்களை அழைத்தது. அப்பாம்புகள் அங்கே இயல்பாய் வாழ்ந்தவை அல்ல. வீட்டில் வளர்ப்பதற்கென வணிகர் கொண்டுவந்தவற்றின் வழித்தோன்றல்கள். உயிர் வணிகத்தின் பொறுப்பின்மை விளைத்த தீங்கைத் தீர்க்க, விட்டேக்கர் நாட்டம் கொண்டு கற்ற அதே இருளரின் கண்கள் தேவைப்பட்டன. சென்ற இரு வாரத்திற்குள் பதின்மூன்று மலைப்பாம்புகளை அவர்கள் பிடித்தனர். 2018இல் விட்டேக்கருக்கும், 2023இல் இவ்விருவருக்கும் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. ஆசானாய் வந்தவர்க்கும் அவருக்கு ஆசானாய் நின்றவர்க்கும் ஒரே விருது கிடைத்தமை மகிழ்ச்சிக்குரியது. ஐந்தாண்டுக் காத்திருப்பு மட்டும் சற்றே உறுத்துகிறது.

வடநெம்மேலியில் கண்டவை

வடநெம்மேலி அடைப்புகளில் சதுப்புநில முதலைகள் விரைவில் பெருகின. பெண் முதலை ஆண்டின் தொடக்க மாதங்களில் மணலில் குழி தோண்டி, ஏறத்தாழ இருபத்தைந்து முதல் முப்பது முட்டைகள் வரை இட்டு மூடும். இரண்டு மாதத்திற்குச் சற்று முன்பின்னாகக் குஞ்சுகள் பொரிக்கும். ஓராண்டில் ஒரே பெண் இருமுறை முட்டையிடுவதும் உண்டு என்பது இங்கே தெரியவந்தது. ஆற்றங்கரையில் எட்ட நின்று பார்த்தவர்க்கு இது புலப்பட்டிருக்க வாய்ப்பில்லை. அடையாளம் அறிந்த ஒரே முதலையை ஆண்டு முழுதும் பார்த்தோர்க்கே புலப்பட்டது.

பொரிக்கும் நாளின் காட்சி வியப்புக்குரியது. முட்டைக்குள் இருக்கும் குஞ்சுகள் ஓட்டை உடைக்கும் முன்னரே குரல் எழுப்புகின்றன. அக்குரல் கேட்டுத் தாய் கரையேறி வந்து மணலைத் தோண்டுகிறது. பொரித்த குஞ்சுகளை ஒவ்வொன்றாக வாயில் எடுத்து, வாயின் அடிப்பகுதியில் தாழ்த்திய பைபோன்ற இடத்தில் வைத்து, நீருக்குக் கொண்டுசென்று விடுகிறது. ஓடுடையாத முட்டையை நாவுக்கும் அண்ணத்துக்கும் இடையில் வைத்து மெல்ல உருட்டி, ஓட்டை விரியச் செய்து, குஞ்சுக்கு வழிவிடுவதும் உண்டு. எருமையின் எலும்பை நொறுக்கும் அதே தாடை, கோழி முட்டையினும் சற்றே பெரிதான முட்டையைக் காயமின்றிக் கையாளுகிறது.

தாய் மட்டுமன்று. வடநெம்மேலியில் ஆண் முதலையும் கூட்டைத் திறந்து குஞ்சுகளை வாயிலெடுத்து நீருக்குக் கொண்டுசென்றது. அமெரிக்க அறிஞர் ஜெஃப்ரி லாங்கும் விட்டேக்கர் குழுவினரும் 1986இல் இதனை ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளியிட்டனர். ஊர்வனவற்றில் தந்தையின் குஞ்சுப் பேணலுக்கு அது அரிய சான்று. அச்சான்று கிடைத்த இடம் தமிழ் மண்.

வெப்பம் வகுக்கும் விதி

முட்டையை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்தவர்கள் தொடக்கத்தில் அறியாத செய்தி ஒன்றுண்டு. முதலைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைக் கருவுற்ற வேளை வகுப்பதில்லை. முட்டை கிடக்கும் மணலின் வெப்பம் வகுக்கிறது. 1966இல் செனகல் நாட்டில் ஆய்வு செய்த மதலேன் சார்னியே என்ற பெண்மணி ஓர் ஓணான் இனத்தில் இதனை முதன்முதல் கண்டார். அமெரிக்க அலிகேட்டர் முதலைகளிலும் அவ்வாறே என்பதை 1982இல் மார்க் பெர்குசன், டெட் ஜோனன் ஆகியோர் நிறுவினர். சதுப்புநில முதலைக்குரிய அளவுகளை வடநெம்மேலியின் முட்டைகள் தந்தன. 28 முதல் 31 பாகை செல்சியசு வரையிலான வெப்பத்தில் பெண் குஞ்சுகளே பொரித்தன; 32.5 பாகையில் ஆண் குஞ்சுகள் பொரித்தன. ஒன்றரைப் பாகை வேறுபாடு ஒரு தலைமுறையின் பால் விகிதத்தையே மாற்றிவிடுகிறது.

இவ்வறிவு இல்லாத நல்லெண்ணம் என்ன விளைவைத் தரும் என்பதற்கு மலேசியாவிலேயே சான்று உண்டு. திரங்கானு மாநிலத்து ரந்தாவ் அபாங் கடற்கரைக்குத் தோணியாமை என்னும் பேராமைகள் ஆண்டுதோறும் முட்டையிட வந்தன. 1950களில் ஓராண்டில் பத்தாயிரம் அளவில் கூடுகள் இருந்தன. முட்டைகளை மனிதர் உண்பதற்கு அள்ளியதாலும், கடலில் வலைகளில் சிக்கி ஆமைகள் மடிந்ததாலும் அத்தொகை சரிந்தது. இனத்தைக் காக்க 1961 முதல் பொரிப்பகம் நடத்தினர். ஆனால் அப்பொரிப்பகத்து வெப்ப மணலில் பொரித்தவை பெரும்பாலும் பெண் குஞ்சுகளே என்பது பின்னாளைய ஆய்வில் தெரியவந்தது. வீழ்ச்சிக்கு முதற்காரணம் இதுவன்று. ஆயினும் பல்லாண்டு உழைப்பின் பயனை இது குறைத்தது. 2000க்குப் பின் அக்கடற்கரைக்கு வந்த பேராமைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலை ஏற்பட்டது.

வெற்றியின் சுமை

முதலை வளர்ப்பு வெற்றி பெற்ற இடங்களில் வேறு வகை இடர் எழுந்தது. வடநெம்மேலியிலிருந்து ஆயிரத்திற்கு மேற்பட்ட சதுப்புநில முதலைகள் பல மாநிலங்களுக்கு அனுப்பப்பட்டன. 1990களின் நடுவில் அவற்றை ஆறுகளில் விடும் பணி நின்றது. பாதுகாப்பான ஆறுகள் குறைந்ததும், ஆற்றோர மக்களின் அச்சமும் காரணங்கள். தாய்லாந்தைப்போல் தோல் வணிகம் செய்ய இந்திய அரசு இசையவில்லை. எனவே முட்டைகளைப் பொரிக்கவிடாமல் அகற்ற வேண்டிய நிலைக்கு முதலை வங்கி வந்தது. 2022இல் ஏறத்தாழ ஆயிரம் முதலைகளைக் குசராத்து மாநிலத்தின் ஜாம்நகரில் உள்ள காப்பகத்திற்கு அனுப்ப இசைவு அளிக்கப்பட்டது. வட்டி பெருகிற்று, வாங்கிக்கொள்ள ஆறு இல்லை.

பிதர்கனிகாவில் 1970களில் நூறளவில் இருந்த உவர்நீர் முதலைகள் இப்போது 1,700க்கு மேல் உள்ளன. அது பெருமைக்குரிய செய்தியே. ஆயினும் கரையோரச் சிற்றூர்களில் முதலைக்கு உயிரிழந்தோர் குடும்பங்களும் உண்டு. கரியாலின் நிலையோ இன்றும் கவலைக்குரியது. பல்லாயிரம் குஞ்சுகளை வளர்த்து ஆறுகளில் விட்டும், மணல் அள்ளுதலும் அணைகளும் வலைகளும் அதன் வாழிடத்தைச் சுருக்கின. 2007ஆம் ஆண்டின் இறுதியிலும் 2008ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் சம்பல் ஆற்றில் நூற்றுக்கு மேற்பட்ட கரியால்கள் மடிந்தன. மலேசியாவின் உவர்நீர் முதலை 2016இல் சைட்டிஸ் பட்டியலின் கடுமையான பிரிவிலிருந்து தளர்த்தப்பட்டு, சரவாக்கில் கட்டுப்பாட்டுடன் கூடிய வணிகத்திற்கு வழி ஏற்பட்டது. அவ்வழி நன்மை தருமா, பழைய வேட்டைக்கு இட்டுச்செல்லுமா என்பது கண்காணிப்போரின் நேர்மையைப் பொறுத்தது.

ஓரம்போகியாருக்குத் திரும்புவோம்

இத்துணைச் செய்திகளையும் அறிந்தபின் பழைய வினா மீண்டும் எழுகிறது: முதலை தன் குஞ்சைத் தின்னுமா? பெரிய முதலை சிறிய முதலையை உண்பது உண்டு. வளர்ப்போர் வயதிற்கேற்பத் தனித்தனித் தொட்டிகளில் பிரித்து வைப்பதன் காரணமும் அதுவே. எனவே புலவர் கூற்றை முற்றிலும் பொய்யென ஒதுக்குதல் இயலாது. ஆயினும், தான் பொரிக்கச் செய்த குஞ்சை வாயிலெடுக்கும் தாய் அதனை உண்ணுவதில்லை, ஏந்திச் செல்கிறது. பொய்கைக் கரையில் நின்ற ஒருவர், முதலையின் வாய்க்குள் குஞ்சு போவதைக் கண்டிருக்கலாம். நீருக்குள் சென்று அது வாய் திறந்து குஞ்சை விடுவதைக் காண அவருக்கு வாய்ப்பு இருந்திராது. பாதிக் காட்சியைக் கண்டவர் பழி சொல்லுதல் இயல்பு. அப்பாதிக் காட்சியே தலைவனின் கொடுமையைக் காட்டப் பொருத்தமான உவமையாயிற்று; பாட்டின் அழகுக்கு அதனால் குறைவில்லை.

இன்னொன்றையும் இங்கே எண்ணிப் பார்த்தல் தகும். தொல்காப்பியர் மரபியலில் இளமைப் பெயர்களை வகுக்கும்போது, பறவைக் குஞ்சுக்குரிய பார்ப்பு, பிள்ளை என்னும் பெயர்கள் தவழும் உயிர்களின் இளமைக்கும் உரியன என்றார். கிளியின் குஞ்சுக்கு வைத்த பெயரையே முதலையின் குஞ்சுக்கும் வைத்தது நம் மொழி. முட்டைக்குள்ளிருந்து குரல் கொடுக்கும் அக்குஞ்சையும், கேட்டு ஓடிவரும் தாயையும் அறிந்தபின் அப்பெயரைச் சொல்லிப் பார்த்தால், அதன் பொருத்தம் புதிதாய் விளங்குகிறது.

அன்று என்னிடம் வினவிய மாணவரை அண்மையில் ஒரு திருமண நிகழ்வில் சந்தித்தேன். அவரும் இப்போது ஆசிரியர். நான் படித்தவற்றைச் சொல்லி, "அன்று உனக்குத் தவறாக விடை சொல்லிவிட்டேன், தம்பி" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "நானும் போன ஆண்டு அப்படியேதான் சொல்லிக் கொடுத்தேன், ஐயா" என்றார். என் அரைநொடிச் சோம்பல் எத்தனை வகுப்புகளுக்குச் சென்று சேர்ந்ததோ, அறியேன்.

பூலியும் விட்டேக்கரும் இருளர்களும் செய்தது அரிய மந்திரமன்று. அஞ்சத்தக்க உயிரின் அருகே, முடிவு காணும்வரை பொறுமையாய் இருந்தார்கள். மாணவர் வினா எழுப்பும்போது நாமும் அவ்வளவு பொறுமை காட்டுதல் வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று ஒப்பி, தேடிக்கண்டு, மறுவாரமேனும் வகுப்பில் வந்து சொல்லுதல் தமிழாசிரியர் அனைவரின் கடமையாகும். அதனை நான் என் பணியின் கடைசி ஆண்டுகளில்தான் கற்றேன். இளைய ஆசிரியர்கள் முதலாண்டிலேயே கற்றுக்கொள்வார்களாக.